பாதிப் புலி

வெள்ளி கறுக்கும். எங்கள் பக்கம் மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. அதனால் சீக்கிரமே கறுத்துவிடும். என் தகரப் பெட்டியில் இருந்த பழங்காசுகளில் ஒன்று மட்டும் நாலு வருசம் கறுக்காமல் கிடந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது.

தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறேன். நாலு வருசத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிட வேண்டும். வெட்டிய மலையில் ஒரு இலை இருக்காது. குச்சிதான் நிற்கும். அங்கே ஆள் நின்றால் எதிர்மலையிலிருந்தே தெரியும்.

காசு சேர்க்கும் பழக்கம் கொலுசால் வந்தது. மனைவியின் கொலுசு அறுந்துபோய், பற்றவைக்கப் பதுளை டவுனுக்குக் கொண்டுபோனேன். ஆசாரி உருக்குவதற்கென்று ஒரு தட்டில் பழைய வெள்ளி போட்டு வைத்திருந்தார். அதில் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி. கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அதன்மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

"இது என்னாங்க?"

"பழங்காசு. சாயங்காலம் உருகிரும்."

அது உருகக் கூடாது என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொலுசை அவரிடமே கொடுத்துவிட்டுக் கொக்கியை வாங்கி வந்தேன். மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொலுசக் குடுத்துட்டுத் தூண்டி முள்ளு வாங்கிட்டு வந்திருக்கீங்க. மீனு எங்க?"

தோட்டத்து மருந்துக்காரர் யாழ்ப்பாணத்து ஆள். என் வயசுதான். காய்ச்சல் என்று போனால் மாத்திரையை நீட்டுவார், பேச மாட்டார். கொக்கியைக் காட்டினேன், பேச ஆரம்பித்துவிட்டார். கண்டி ராசாக்கள் காலத்தில் இதுதான் இங்கே காசாம். கடல் தாண்டி வந்த வியாபாரிகள் கம்பியாகக் கொண்டுவந்தார்களாம். இங்கே உள்ளவர்கள் கொக்கியாக வளைத்துக்கொண்டார்களாம். இதற்கும் பல நூறு வருசம் முந்தி சோழன் வந்து வடக்கைப் பிடித்து ஆண்டபோது அவனுடைய வெள்ளியும் வந்ததாம். குடைக்குக் கீழே புலி. புலி முகத்துக்கு முன்னால் இரண்டு மீன். பின்னால் வில். புலி சோழன். மீன் பாண்டியன், வில் சேரன். இரண்டு பேரும் தோற்றவர்கள்.

"தோத்தவங்களை ஏங்க காசுல போட்டான்?"

"தோத்தவன் ஆரெண்டு தெரிஞ்சால்தானே வெண்டவன் ஆரெண்டு தெரியும். நீர் வெட்டுற தேயிலைக்கு உதெல்லாம் விளங்காது."

பிற்பாடு அந்தக் காசில் வெள்ளி குறைந்து செம்பு கூடிவிட்டதாம். அதனால் வியாபாரிகள் உளியால் ஓரத்தை வெட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்களாம்.

"வெளியில வெள்ளி, உள்ளுக்கை செம்பு. வெட்டிப் பாத்தால்தான் தெரியும். உம்மையும் ஒருக்கா வெட்டிப் பாக்கவேணும்."

"வெட்டுங்க. தேத்தண்ணிதான் வரும்."

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஆசாரி எனக்காக எடுத்து வைப்பார். நான் அதே எடைக்கு உடைந்த வெள்ளி கொண்டுபோய் மாற்றிக்கொள்வேன். கொக்கிகள் நாலைந்து சேர்ந்தன. தேய்ந்துபோன வட்டக் காசுகளும் சேர்ந்தன. புலி வரவில்லை. புலியை நான் முதலில் பார்த்தது அடுத்த வீட்டு அக்காவின் கழுத்தில்.

லயத்து வரிசை வீடுகளில் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அக்கா கொழுந்து எடுப்பவர். புருசன் இல்லை. ஒரு மகள். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு எப்போதும் கிடக்கும். தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கக் குனிந்தபோது ஒருநாள் கயிறு வெளியே விழுந்தது. வளையம் பற்றவைத்த இரண்டு வெள்ளிக்காசு. இரண்டிலும் குடை, புலி, மீன், வில். புருசன் வீட்டார் இந்தியாவிலிருந்து வரும்போது கொண்டுவந்தது என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். பின்னால் இருந்தவர்கள் குடத்தோடு நின்றார்கள்.

"தம்பி, கண்ணாலேயே உருக்கிருவ போல. குடு இங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம், கயிறு மாற்றக் கழற்றி வைத்தபோது, அதில் ஒன்று காணாமல் போனது.

அக்கா நேராக என் வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"குடுத்துரு தம்பி. யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"எடுக்கலக்கா."

"நீதான ஆசையாப் பாத்த?"

"பாத்தேன். எடுக்கல."

பெட்டியைத் திறந்து அவர் முன்னால் கொட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார். இல்லை என்றதும் என் முகத்தைப் பார்த்தார்.

"வேற எடத்துல வச்சிருக்க."

நான் எடுக்கவில்லை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஐந்தாம் நம்பர் மலையில் கவ்வாத்துச் சாமி இருக்கிறது. முழங்கால் உயரக் கல். முன்னால் ஒரு பலகைக்கல். கவ்வாத்து தொடங்கும் நாளில் எல்லோருடைய கத்தியையும் அங்கே வரிசையாக வைத்துத் தேங்காய் உடைப்போம். அந்தக் கல்லில் இன்னொரு வழக்கமும் உண்டு. களவு போய், கையில் சாட்சி இல்லாதவர்கள் அங்கே வந்து காசு வெட்டுவார்கள். ஒரு காசைப் பலகைக்கல்லில் வைத்து இரண்டாக வெட்டுவது. ஒரு பாதி கல்லுக்கு அடியில். மறுபாதி வெட்டினவர் கையில். வெட்டுகிறவர் எதிராளிக்குக் கேடு கேட்டால் மட்டும் சாமி காது கொடுக்காது. தன் பக்கத்தில் ஒன்றைப் பணயமாகச் சொல்ல வேண்டும். பொய்யாக வெட்டியிருந்தால் அது போய்விடும். பிறகு மனசு மாறினால் இரண்டு பேரும் வந்து, இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி ஓடையில் விட வேண்டும். அதுவரை அந்தப் பாதியை யாரும் தொட மாட்டார்கள்.

அந்த வருசம் ஐந்தாம் நம்பரில் கவ்வாத்து தொடங்கிய காலையில், தேங்காய் உடைக்கும் முன்னால் அக்கா வந்தார். கத்தி வரிசையைப் பார்த்தார். என் கத்தியை எடுத்தார். பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும், எல்லோருக்கும் தெரியும். கழுத்துக் கயிற்றை அறுத்து, மிச்சம் இருந்த அந்த ஒரு காசைப் பலகைக்கல்லில் வைத்தார். அதன்மேல் கத்தியை வைத்து ஒரு கல்லால் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் காசு பிளந்தது.

"என் காச எடுத்த கை, கையா இல்லாமப் போகட்டும். நான் பொய்யா வெட்டுனா என் மக வவுத்துல புள்ள தங்காமப் போகட்டும்."

மகளுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. கங்காணி "என்னா பேச்சு பேசுற நீ" என்று அதட்டினார். அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு பாதியைக் கல்லுக்கு அடியில் தள்ளினார். மற்றதை முந்தானையில் முடிந்தார். கத்தியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

கத்தி கல்லில் பட்டு அதன் கூர்வாயில் ஒரு பல் விழுந்திருந்தது. அந்தக் கத்தியோடுதான் வேலை செய்தேன். நான் வெட்டிய ஒவ்வொரு செடியிலும் ஒரு கோடு விழுந்தது. மற்றவர்கள் வெட்டிய கட்டை வழுவழுவென்று இருக்கும். என் வரிசையை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் மூட்டம் இறங்கியது. பக்கத்து வரிசை தெரியவில்லை. ஆட்கள் பேசும் சத்தம் மட்டும் கேட்டது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நான் சாமி கல்லுக்கு நாலு எட்டில் நின்றேன். புலி அங்கே மண்ணுக்கு அடியில் கிடக்கிறது என்கிற நினைப்பு பன்னிரண்டு நாளும் போகவில்லை. உருக விடாமல் காப்பாற்றியவன், மண்ணில் விடலாமா என்று எனக்கு நானே சொன்னேன். பொய்தான். வெள்ளிக்கு மண்ணால் ஒன்றும் ஆகாது. எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

கல்லை ஒரு பக்கம் சாய்த்துக் கையை விட்டேன். மண் ஈரமாக இருந்தது. காசு ஈரமாக இல்லை. சூடாக இருந்தது, அடுப்பிலிருந்து எடுத்த கரண்டிக் காம்பு மாதிரி.

மூட்டம் விலகியபோது என் வரிசையில் நின்று வெட்டிக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

எனக்குக் கிடைத்தது முன்பாதி. புலியின் முகம், முன்னங்கால், இரண்டு மீன். பின்னுடம்பும் வாலும் வில்லும் அக்காவின் முந்தானையில் இருந்தன. பெட்டியில் போட்டு மூடிச் சாக்குக்குக் கீழே வைத்தேன்.

மழைக்காலம் வந்தது. கொக்கிகள் கறுத்தன. வட்டக் காசுகள் கறுத்தன. பாதி மட்டும் அன்று வெட்டிய மாதிரியே இருந்தது. நான் அதைத் துலக்கவில்லை. புளி போடவில்லை, சாம்பல் போடவில்லை. தொடுவதே குறைவு. தொட்டால் வலது கையில் பெருவிரலிலிருந்து மணிக்கட்டு வரை மரத்துப்போகும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

இன்னொன்றும் கவனித்தேன். பெட்டியை எப்படிக் குலுக்கி வைத்தாலும், திறக்கும்போது புலியின் முகம் சுவர்ப் பக்கம் இருக்கும். அந்தச் சுவருக்கு அப்பால் அக்கா படுப்பார். பெட்டியைக் கட்டிலின் மறுபக்கம் வைத்துப் பார்த்தேன். நாலு நாளில் சுவரை ஒட்டி இருந்தது.

"பெட்டிய நகத்துனியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நான் ஏன் தொடுறேன் அந்தப் பீடையை" என்றாள்.

மருந்துக்காரரிடம் ஒருநாள் கொண்டுபோய்க் காட்டினேன். பதுளையில் கிடைத்தது என்றேன். கண்ணாடியைக் கழற்றி, குனிந்து பார்த்தார். கையில் வாங்கவில்லை.

"உது புதுசா வெட்டினது. வெட்டுவாய் வெள்ளையாக் கிடக்கு. பழைய வெட்டெண்டால் கறுத்திருக்கும்."

"கறுக்க எவ்வளவு நாளாகும்?"

"இந்தக் குளிருக்கை ஒரு மாரி போதும்."

ஒரு மாரி கழித்து மறுபடி கொண்டுபோனேன். அன்றும் குனிந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை அவருக்கும் தெரிந்திருக்கும்.

"நான் ஒண்டும் கேக்கேல்லை. கொண்டுபோம். இனி இதை இஞ்சை கொண்டுவராதையும்."

அக்கா என்னோடு பேசுவதில்லை. பீலியில் பார்த்தால் முந்தானை முடிச்சை ஒருமுறை தொட்டுக்கொள்வார். அவ்வளவுதான். மகளைப் பசறைப் பக்கம் கட்டிக்கொடுத்தார். முதல் பிள்ளை மூன்றாம் மாதம் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு அக்காவைப் பார்த்தார்கள். மூன்றாவதை மகள் சுமந்தபோது, ஒன்பது மாதமாகும் வரை அக்கா நல்லது கெட்டதுக்கு எங்கேயும் போகவில்லை. மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். மலைக்குப் போவார், வீட்டுக்கு வருவார், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் லயத்துக் கூரையில் பழைய தகரத்தைக் கழற்றிப் புதுசு போட்டார்கள். அக்கா வீட்டுச் சுவர் உச்சியில் ஒரு எலிக்கூடு. மேலே நின்ற மேசன் அதைக் கையால் தள்ளினார். பஞ்சு, நூல், ஒரு பொத்தான், ஒரு வெள்ளிக்காசு. வளையத்தோடு முழுசாக, கறுப்பாக.

"யாருதுங்க இது?" என்று மேலேயிருந்து கேட்டார். லயமே வாசலில் நின்றது.

அக்கா வாங்கினார். வாங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சந்தோசத்தில் என்றுதான் மேசன் நினைத்திருப்பார். நாங்கள் எல்லோரும் தெரிந்தே நின்றோம். நான் எடுக்கவில்லை என்றால் அவர் வெட்டியது பொய். பொய்யென்றால் பணயம் போகும். மகள் பதுளை ஆஸ்பத்திரியில் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் என் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, மன்னிச்சிரு. கல்லுக்கு வா. காசைச் சேத்துத் தண்ணியில விட்டுருவம். இன்னிக்கே."

"வர்றேன். நீங்க முன்னால போங்க. சட்டை போட்டுட்டு வர்றேன்" என்றேன்.

அவர் ரோட்டுவழி போனார். நான் பாதியை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினேன். கவ்வாத்துக்கு அடுத்த முறை வந்துகொண்டிருந்த மலை. செடி மார்பளவு வளர்ந்திருந்தது. அடியில் நான் முன்பு வெட்டிய கட்டைகளில் அந்தக் கோடு இன்னும் இருந்தது. கல்லைச் சாய்த்து, பாதியைக் குழியில் போட்டு, மண்ணைத் தள்ளினேன். கை தோள்வரை மரத்தது. இறங்கிப்போய், அப்போதுதான் வருகிறவன் மாதிரி அக்காவுக்குப் பின்னால் வந்தேன்.

அக்கா கல்லைக் கும்பிட்டார். அடியில் கைவிட்டுத் தேடினார். கிடைத்தது. முந்தானையை அவிழ்த்து மறுபாதியைப் பக்கத்தில் வைத்தார்.

அவருடையது கரி மாதிரி இருந்தது. என்னுடையது பளபளவென்று. முன்பாதிப் புலி வெள்ளை, பின்பாதிப் புலி கறுப்பு.

வெகுநேரம் பார்த்தார்.

"பாரு தம்பி. நாலு வருசமா மண்ணுல கெடந்தது. சாமியே துலக்கி வச்சிருக்கு. நீ சுத்தமானவன்னு காட்டுது." தன் கறுத்த பாதியை எடுத்துக் காட்டினார். "நான் பொய்யா வெட்டிட்டேன். ரெண்டு போச்சு. இதுவும் போயிரும். மகளும் போயிருவா."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அந்தத் தோட்டத்தில் என்னை மாதிரி நல்லவன் இல்லை. சாமியே சாட்சி சொன்ன ஆள். அதையும் ஒரு நிமிசம் நினைத்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

"சாமி துலக்கல அக்கா. அது மண்ணுல கெடக்கல. என் பெட்டியில இருந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை.

"நான் எடுத்தேன். இப்பத்தான் கொண்டாந்து வச்சேன்."

"எது? எலி கொண்டுபோனதா?"

"அது இல்ல. நீங்க வெட்டுன இந்தப் பாதிய. பன்னெண்டாம் நாள் எடுத்தேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

"வெட்டுன அன்னைக்கி நீ எடுக்கல."

"எடுக்கல."

"அதுக்கு அப்புறம் எடுத்த."

"எடுத்தேன்."

"இதுவும் என் காசுதான?"

"உங்க காசுதான்."

மூச்சு விட்டார். நாலு வருசத்து மூச்சு மாதிரி இருந்தது.

"அப்ப நான் பொய்யா வெட்டல" என்றார். "கள்ளப் பயலே. நல்ல வேள எடுத்த."

சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் பார்த்தார். நூல்கண்டு இடுப்பில் தயாராக இருந்தது. ஆனால் கட்டவில்லை. வெள்ளைப் பாதியை என் வலது கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"இந்தச் சாபம் இப்ப யாரு மேலயாச்சும் இருக்கணும் தம்பி. புள்ள பொறக்குற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். என்னால என் மக மேல விட முடியாது."

"இருக்கட்டும்க்கா."

"கோவிச்சுக்காத."

"இல்லக்கா."

பதினொரு நாள் வைத்திருந்தேன். பெட்டியில் போடவில்லை, சட்டைப் பையில் வைத்திருந்தேன். இரண்டாம் நாளே வலது கை கத்தி பிடிக்கவில்லை. நாலாம் நாள் சோறு பிசைய முடியவில்லை, இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன். மருந்துக்காரர் கையைத் திருப்பிப் பார்த்து, நரம்பு என்றார், பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். நான் போகவில்லை. அந்த ஆஸ்பத்திரியில்தான் மகள் படுத்திருந்தாள். அந்தப் பாதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. வெளியே வைத்துவிட்டுப் போகவும் பயம்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நான் நின்ற இடத்துக்கு வந்தார். கையில் ஆஸ்பத்திரிக் கூடை.

"பொண்ணு. ரெண்டும் நல்லா இருக்கு. வா."

கல்லுக்குப் போனோம். பையிலிருந்து எடுத்தேன். காசு கறுத்திருந்தது. காலையில் பார்த்தபோது வெள்ளையாக இருந்தது. இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று முகத்தையும் வாலையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். அக்கா நூல் சுற்றிக் கட்டினார். ஓடையில் நான்தான் விட்டேன், இடது கையால். அந்த ஓடையில் முழங்கால் தண்ணீர்கூடக் கிடையாது. அடியில் கூழாங்கல் தெரியும். காசு விழுந்த இடம் தெரியவில்லை.

கை ஒரு வாரத்தில் திரும்பியது. பெருவிரல் மட்டும் திரும்பவில்லை. சூடு குளிர் தெரியாது. கத்தி பிடிக்கப் பழகிவிட்டேன்.

தீட்டுக் கழிந்ததும் மகளும் பிள்ளையும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். எலி கொண்டுபோன முழுக் காசை அக்கா என்னிடம் நீட்டினார். "வச்சுக்க. உனக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்றார். கிண்டலா என்று பார்த்தேன். இல்லை. நான் வாங்கவில்லை. பிள்ளையின் அரைஞாணில் கட்டச் சொன்னேன். கட்டியிருக்கிறார்கள். குடை, புலி, மீன், வில். தவழும்போது தரையில் உரசிச் சத்தம் கேட்கும். சுவர் வழியாக எனக்குத் தெரியும், பிள்ளை இப்போது எந்த மூலையில் இருக்கிறது என்று.

என் பெட்டியில் இப்போது கொக்கிகளும் தேய்ந்த காசுகளும்தான். எல்லாம் கறுத்தவை. கட்டிலின் மறுபக்கம் வைத்திருந்தேன். போன வாரம் அது மறுபடி அக்கா வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தது.

"எலியாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி.

புதுத் தகரம் போட்ட பிறகு எங்கள் லயத்தில் எலி இல்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டேன்.